திண்ணையில் காத்தளக்கிறவனுக்கு

ஏங்கண்ணு, காத்து சென்சாரைக் கழட்டித் திண்ணையில வச்சுட்டியாமா? நெம்ப நல்ல காரியம். பொள்ளாச்சி பூரா மெக்கானிக் கெடக்கறப்ப, நம்மூட்டுப் பையன் தானே கழட்டித் தானே பார்க்கறான்னா அப்புச்சிக்குப் பெருமைதான். அந்த ஸ்க்ரூ ரெண்டும் நட்சத்திரத் தலை, நடுவுல குமிழ் வச்சது. அதுக்குன்னே ஓட்டை போட்ட பிட்டு ஹார்டுவேர் கடையில விக்கறான். நீ கட்டிங் பிளேயர்ல கடிச்சே திருகி எடுத்துட்டே. தலை மொழுக்குன்னு ஆயிருச்சு. அதனால என்ன, மாட்டறப்பத்தானே அது தொந்தரவு. கழட்டற வேலை முடிஞ்சுதல்ல.

வண்டி மேடு ஏற மாட்டேங்குது, பின்னாடி கருப்பாப் புகை தள்ளுது, மஞ்ச விளக்கு எரியுது. ஸ்கேனரைச் சொருகினே, பி 0101னு காட்டுச்சு, பக்கத்துல மாஸ் ஏர் ஃப்ளோன்னு எழுதியிருந்துச்சு. உடனே சென்சார் செத்துருச்சுன்னு தீர்ப்பு எழுதிட்டே. அந்த நம்பரோட பங்காளிகளையும் சேர்த்துப் படிச்சியா சாமி? 0102னா சிக்னல் அடிமட்டத்துல கெடக்குதுன்னு அர்த்தம். 0103னா உச்சத்துல போய் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். ஒயர் அறுந்தாலோ, எங்கியாவது ஒட்டிக்கிட்டாலோ அந்த ரெண்டும் வரும். 0101 அந்த ஜாதி இல்லை. 'நான் எதிர்பார்த்த காத்தும் கணக்குல வந்த காத்தும் ஒத்துப் போகலை'ன்னு கம்ப்யூட்டர் முனகுது, அவ்வளவுதான். சென்சார் தப்பாச் சொல்லியிருக்கலாம். சென்சார் சரியாச் சொல்லி, காத்து வேற வழியில கெளம்பிப் போயிருக்கலாம். கம்ப்யூட்டர் யார் பேரையும் சொல்லலை. பேர் வச்சது நீ.

இருந்தாலும் உனக்கு யோகம் இருக்குது. உன்ற வண்டியில அந்த சென்சார்னு ஒண்ணு இருக்குது. சின்ன பெட்ரோல் கார் பலதுல அது கிடையவே கிடையாது. மேனிஃபோல்டுல அழுத்தத்தை அளந்து, வெப்பத்தையும் எஞ்சின் சுத்தையும் வச்சு, இவ்வளவு காத்து உள்ள போயிருக்கும்னு கணக்குப் போட்டுக்கும். அது தெரியாம ஏர் ஃபில்டர் டப்பாவைப் பிரிச்சுப் போட்டுத் தேடோ தேடுன்னு தேடி, கடைசியில கெடைக்காத கோவத்துல வெப்ப சென்சாரைப் பிடுங்கிட்டு வந்து, 'அப்புச்சி, இது ஊதினா அசைய மாட்டேங்குது'ன்னு என்னுகிட்டயே காட்டின மகராசனும் இந்த ஊர்லதான் இருக்கறான். பேரு எதுக்கு, நாளைக்குக் கல்யாணம் பண்ற பையன்.

உன்றது 1248 சிசி டீசல். பெட்ரோல் வண்டியில காத்து எவ்வளவோ அதுக்குத் தக்கன பெட்ரோல் ஊத்தணும். அங்கே இந்த சென்சார் சொல்றதுதான் சமையல் அளவு. டீசல்ல அப்படி இல்லை. நீ பெடலை மிதிக்கற அளவுக்கு டீசல் போகும். ஆனா 'உள்ள இவ்வளவு காத்துதான் இருக்குது, இதுக்கு மேல ஊத்தினா புகையும்'னு கையைப் பிடிச்சு நிறுத்தறதும், புகையைத் திருப்பி எஞ்சினுக்கே குடுக்கற ஈஜிஆர் வால்வை எவ்வளவு திறக்கறதுங்கறதும் இந்த நம்பரை வச்சுத்தான். இதை மனசுல வச்சுக்க. பின்னாடி வேணும்.

சரி, கழட்டினது கழட்டியாச்சு. அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருக்கா பாரு. பழைய நாள்ல இந்த இடத்துல ஒரு ரெக்கை இருந்துச்சு. 1970கள்ல போஷ் கம்பெனி எல்-ஜெட்ரானிக்னு ஒண்ணு விட்டான். காத்து வந்து ரெக்கையைத் தள்ளும், ரெக்கையோட அச்சுல ஒரு கார்பன் தடம், அதுமேல ஒரு நகம் ஓடும். அதைத் திண்ணையில வச்சுத் தாராளமாப் பார்க்கலாம். விரலால ரெக்கையை மெதுவாத் தள்ளு, மீட்டர்ல அளவு வழுக்கிக்கிட்டுப் போகணும். நடுவுல எங்கியாவது துள்ளினா அந்த இடத்துல தடம் தேஞ்சு போச்சு. ஆயிரம் கேள்வி வேண்டாம், விரலே போதும். அந்தக் காலத்து சாமானுக்குத்தான் திண்ணை சரியான இடம்.

1980கள்ல ரெக்கையைத் தூக்கி எறிஞ்சுட்டுக் கம்பியைக் கொண்டு வந்தான். பிளாட்டினம் கம்பி, 70 மைக்ரான் கனம். உன்ற தலைமுடி அளவுதான், என்றதைக் கேக்காதே. அதைக் கரண்ட் விட்டுச் சூடாக்கி வைக்கறது. காத்து வந்து குளிரடிக்கும். சூடு குறையாமப் பார்த்துக்க எவ்வளவு கரண்ட் எச்சாக் குடுக்க வேண்டியிருக்குதோ, அதுதான் காத்தோட அளவு. எஞ்சினை நிறுத்தினதும் ஒரு விநாடி அந்தக் கம்பியை 1000 டிகிரிக்குச் செக்கச்செவேல்னு காய வச்சு ஒட்டியிருக்கற அழுக்கை எரிச்சு விடற வித்தையும் அதுல இருந்துச்சு. இப்ப உன்றதுல கம்பி கூட இல்லை. ஒரு சின்னச் சில்லு மேல படலமாத்தான் ஹீட்டர். குறுகலான ஒரு சந்துக்குள்ள, நகத்தளவு கூட இல்லாம, உட்கார்ந்திருக்கும். அதைத்தான் நீ காது குடையற பட்ஸ் வச்சுத் துடைச்சிருக்கறே.

இல்லைங்காதே. பஞ்சு நூல் ஒண்ணு இன்னும் தொங்கிக்கிட்டு நிக்குது.

அதுக்குன்னே ஸ்ப்ரே இருக்குது கண்ணு, எம்ஏஎஃப் கிளீனர்னே எழுதியிருப்பான். தள்ளி நின்னு அடிக்கணும், தொடக்கூடாது, தானாக் காய விடணும். கார்புரேட்டர் கிளீனரும் ஆகாது, பெட்ரோலும் ஆகாது. கம்ப்ரசர் காத்தை அடிக்கலாமான்னு கேப்பே. டயருக்கு அடிக்கற வேகத்தை அந்தச் சில்லு மேல அடிச்சா, அதுக்கப்புறம் நாம டெஸ்ட்டைப் பத்திப் பேச வேண்டியதே இல்லை. எண்ணெய் தடவின ரேஸ் ஃபில்டர் ஒண்ணும் மாட்டியிருக்கறே போல. எண்ணெய் சொட்டச் சொட்ட அதைத் தடவினா, மிச்ச எண்ணெய் எங்கே போகும்னு நெனைச்சே?

இனி கரண்ட் குடுக்கற வேலை. ஊட்டு டேபிள் மேல 12 வோல்ட் பேட்டரி, ஒரு மொபைல் சார்ஜர், ஒயரை உரிச்சு வச்சிருக்கறே. பார்க்க ராக்கெட் விடற இடம் மாதிரி இருக்குதுன்னு உங்கம்மா போன்ல சொன்னா. முதல்ல உன்ற சென்சார் எந்த வகைன்னு லேபிளைப் பாரு. போஷ் எச்எஃப்எம்-5ன்னா அஞ்சு ஊசி இருக்கும். ஒண்ணு வெப்ப சென்சாருக்கு, ரெண்டு 12 வோல்ட், மூணு எர்த், நாலு 5 வோல்ட், அஞ்சுலதான் சிக்னல் வெளிய வரும். நாலாவது ஊசிக்கு 12 வோல்ட்டைக் குடுத்தா என்ன ஆகும்னு கேக்காதே. ஒண்ணும் ஆகாது, அதுக்கப்புறம் எப்பவுமே ஒண்ணும் ஆகாது. வண்டியில வர்ற ஒயர் வரிசையைப் பிடிச்சு எது எதுன்னு உறுதி பண்ணிக்கிட்டு, 12 வோல்ட் ஒயர்ல ஒரு சின்ன ஃப்யூஸும் போட்டுக்க. புதுசா வர்ற சென்சார்கள் பலதுல சிக்னல் வோல்ட்டா வராது, அதிர்வெண்ணா வரும். அதை டிசி வோல்ட்டுல வச்சுக்கிட்டு 'அசையலையே அசையலையே'ன்னு நாள் பூரா உட்காரலாம். மீட்டர்ல ஹெர்ட்ஸ்னு ஒரு இடம் இருக்கும், அங்கே திருப்பு.

சார்ஜரோட மைனஸையும் பேட்டரி மைனஸையும் ஒண்ணாக் கட்டினியா? கட்டலையா? அதானே பார்த்தேன். ரெண்டுக்கும் தரை வேற வேறன்னா மீட்டர்ல வர்ற எண்ணுக்கும் சென்சாருக்கும் ஒரு ஒறவும் இல்லை. சார்ஜர் நெசமாவே 5 குடுக்குதான்னும் அளந்து பாரு. அப்புறம் அந்த மஞ்ச மீட்டர். சந்தைக் கடையில வாங்கினது. அதுக்குள்ள ஒரு பேட்டரி இருக்குதுங்கறதாவது தெரியுமா? அது இளைச்சுப் போச்சுன்னா மீட்டர் எல்லாத்தையும் எச்சாவே காட்டும். நாம பார்க்கப் போற சங்கதியோ ஒரு வோல்ட்டுல நூத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. முதல்ல மீட்டருக்குப் பேட்டரி மாத்து. சென்சாருக்கு ஆயிரக்கணக்குல எடுத்து வச்சிருக்கறவன் அதுக்கு யோசிக்க மாட்டே.

கட்டியாச்சா? ரெண்டு பக்க வாயையும் துணி போட்டு மூடு. ஃபேனை நிறுத்து. நீயும் சித்த தள்ளி உட்காரு, உன்ற மூச்சே பெரிய காத்து அதுக்கு. அஞ்சாவது ஊசிக்கும் மூணாவது ஊசிக்கும் நடுவுல அள. அந்த எச்எஃப்எம்-5 வகையில காத்தே இல்லாதப்ப 1 வோல்ட் நிக்கணும். ரஷ்யாவுல தோல்யாட்டிங்கற ஊர்ல பண்ற லாடா கார்கள்ல இந்த ஜாதி சென்சார்தான் போட்டாங்க. அந்த வண்டிக்காரங்க இந்த ஒரு எண்ணை வச்சே ஜாதகம் சொல்லுவாங்க: 1.00ஐ ஒட்டி இருந்தா புதுசு, 1.02 வரைக்கும் ஓட்டலாம், 1.05ஐத் தாண்டினா மாத்திரு. அனுபவக் கணக்குதான், ஆனா மோசமில்லை. காத்தே இல்லாதப்ப 'காத்து வருது'ன்னு சொல்றவன், வர்றப்ப என்ன சொல்லுவான்னு சந்தேகப்படறது நாயந்தானே. அதுல ஒரு வேடிக்கை கேளு: இந்த எண்ணைப் பார்க்கறதுக்கு சென்சாரைக் கழட்டவே வேண்டியதில்லை. வண்டியில இருக்கறபடியே சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, கனெக்டருக்குப் பின்னாடி குண்டூசி விட்டு அளந்தாப் போதும். ஸ்க்ரூ தலையும் தப்பிச்சிருக்கும்.

இப்ப ஊது. அட, வாயிலயா? வாயால ஊதினா எச்சியும் ஈரமும் போய் அந்தச் சில்லு மேலதான் உட்காரும். ஹேர் ட்ரையரை எடுக்கறதுன்னா குளிர்ந்த காத்து பட்டனை வை. அது இல்லாத ட்ரையர்னா அப்படியே கொண்டு போய் வச்சுரு. சென்சார் மேல அம்புக்குறி போட்டிருப்பான், காத்து அந்தப் பக்கமாத்தான் போகணும். வோல்ட் ஏறுதா? சந்தோசம். இப்ப எதிர்ப்பக்கத்துல இருந்து ஊது. 1 வோல்ட்டுக்குக் கீழ எறங்குதா பாரு. எறங்குச்சுன்னா அதுக்கு இன்னும் உசிரு இருக்குது. ஹீட்டருக்கு முன்னாடி ஒரு வெப்பமானி, பின்னாடி ஒரு வெப்பமானி வச்சிருக்கறான். காத்து எந்தப் பக்கம் போனாலும் எது குளிர்ந்துச்சுன்னு பார்த்துத் திசையைக் கண்டுபிடிச்சுரும். பிஸ்டன் உறிஞ்சறப்ப காத்து முன்னும் பின்னும் அலையடிக்கும். திரும்பி வர்ற காத்தையும் உள்ள போனதாக் கூட்டிரக்கூடாதுன்னு பண்ணின ஏற்பாடு. சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் வரவு மட்டும் எழுதற உங்க சித்தப்பனுக்கு இந்த யோசனை வந்திருந்தா நம்ம தேங்காய்க் கணக்கு எப்பவோ நேராயிருக்கும்.

ஊதிப் பார்க்கறது பட்டிக்காட்டு வேலைன்னு நெனைச்சுக்காதே. டொயோட்டா சர்வீஸ் புத்தகத்துலயே இதுதான் இருக்குது. பேட்டரி கரண்ட் குடு, ஊது, சிக்னல் ஊசியில 0.2ல இருந்து 4.9 வோல்ட்டுக்குள்ள ஏறி எறங்குதா பாருங்கறான். கூடவே வெப்ப சென்சாரோட ஓம் கணக்கும்: 20 டிகிரியில 2.21ல இருந்து 2.69 கிலோ ஓம், 60 டிகிரியில 500 ஓமை ஒட்டித் தொடங்கி 670க்குள்ள. ஆனா அவன் எவ்வளவு தந்திரக்காரன்னு கவனிச்சியா? 'ஏறி எறங்குதா'ன்னுதான் கேக்கறான். எவ்வளவு ஊதினா எவ்வளவு ஏறணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஊதறவன் கொங்கு நாட்டுக்காரனா, டோக்கியோக்காரனா, தம் அடிக்கறவனா, நாதஸ்வரம் வாசிக்கறவனா, அவனுக்கு எப்படித் தெரியும்?

நீ படிச்ச பையன், அதோட விடுவியா? அளந்து ஊதணும்னு தோணும். தோணட்டும், நானே வழி சொல்றேன். ஊதறதை விட உறிஞ்சறது நல்லது. எஞ்சினும் உறிஞ்சத்தானே செய்யுது. டேபிள் ஃபேன் காத்து முறுக்கிக்கிட்டு வரும், சென்சாருக்குக் கெறக்கம் வந்துரும். அதனால ஃபில்டர் டப்பா, குழாய் எல்லாத்தையும் அப்படியே பொருத்தி, எஞ்சின் பக்கத்து வாயில வேக்குவம் கிளீனரைக் குடு. கிளீனர் காத்தை வெளிய விடற வாயில ஒரு பெரிய பாலித்தீன் பையைக் கட்டு. 90 சென்டிமீட்டர் அகலத்துல தட்டையாக் கெடக்கற பைன்னா சுத்தளவு 180. நீளத்தை 80ல கட்டினா உப்பறப்ப கிட்டத்தட்ட 200 லிட்டர் பிடிக்கும். சுருங்கிக் கெடக்கற பை முழுசா உப்ப எத்தனை விநாடின்னு பாரு. 10 விநாடின்னு வச்சுக்குவோம். விநாடிக்கு 20 லிட்டர். ஒரு லிட்டர் காத்து கடலோரத்துல, 20 டிகிரியில 1.2 கிராம். நம்மூர் உயரத்துக்கும் வெயிலுக்கும் 1.1ன்னு போடு. விநாடிக்கு 22 கிராம். கிளீனர் மோட்டார் காத்தைக் கொஞ்சம் சூடு பண்ணும், அதை விட்டுத் தள்ளு.

இந்தக் கிராம் கணக்குதான் இந்த சென்சாரோட அருமையே. மேட்டுப்பாளையத்துல உறிஞ்சற ஒரு லிட்டரும் ஊட்டியில 2240 மீட்டர் உயரத்துல உறிஞ்சற ஒரு லிட்டரும் ஒண்ணில்லை. மேல போறப்ப எடையில அஞ்சுல ஒரு பங்குக்குப் பக்கமாக் குறைஞ்சுரும். ரெக்கை வச்ச பழைய ஆளுக்கு அது நேரடியாத் தெரியாது. சூடு வச்ச ஆளுக்கு எடைதான் தெரியும்.

ஆச்சு, 22 கிராம். நோட்டுல எழுதிக்கிட்டியா? அழகா எழுது. இப்ப சொல்லு, 22 கிராமுக்கு உன்ற சென்சார் எத்தனை வோல்ட் காட்டணும்?

தெரியாதல்ல. எனக்கும் தெரியாது. அது கம்பெனிக்காரன் வச்சிருக்கற வளைவு. ஃபேக்டரியில அளவு தெரிஞ்ச காத்துல வச்சுச் சரிபண்ணித்தான் அனுப்பறான். நேர்கோடும் இல்லை, நீ ஸ்கேலை வச்சுக் கோடு இழுக்கறதுக்கு. 1914லயே கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல கிங்னு ஒருத்தர் காய்ஞ்ச கம்பி காத்துல எப்படிச் சூட்டை இழக்குதுன்னு கணக்குப் போட்டு வச்சுட்டுப் போனார். அவர் கணக்குப்படி காத்து ரெட்டிச்சா வோல்ட் ரெட்டிக்காது. அடியில சின்னக் காத்துக்கு நெறைய ஏறும், மேல போகப் போகப் பெரிய காத்துக்கும் கொஞ்சூண்டுதான் ஏறும். அதனாலதான் 3.9 காட்டறவனும் 4.1 காட்டறவனும் பார்க்க அண்ணன் தம்பியா இருந்தாலும், கிராம்ல பார்த்தா ரெண்டு பேருக்கும் நடுவுல பெரிய சண்டையே நடக்கும். அந்தப் பையை வச்சு ஒண்ணு வேணா பண்ணலாம்: அதே நம்பர் போட்ட, நல்லா ஓடிட்டிருக்கற வண்டியில இருந்து ஒரு சென்சாரை இரவல் வாங்கி, அதே குழாய்ல, அதே உறிஞ்சல்ல மாத்தி மாத்தி வச்சுப் பார்க்கலாம். ரெண்டும் ஒரே எண்ணா, இல்லையா? இதுதான் திண்ணையில பண்ணக்கூடிய ஒழுக்கமான டெஸ்ட்டு. ஆனா இரவல் சென்சாரைக் குடுக்கற அளவுக்கு உனக்குச் சிநேகிதன் இருந்தா, அதை நேரா வண்டியில மாட்டி ஓட்டியே பார்த்திருக்கலாமே கண்ணு.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கறவனைப் பார்த்திருக்கறியா? வயசு சொல்லுவான், தப்பாது. கெழட்டு மாட்டை அங்கேயே ஒதுக்கிருவான். ஆனா நல்ல பல்லு வச்ச மாடு எல்லாம் பாரம் இழுத்துருமா? அது நொகத்தடியில கட்டினப்புறந்தான் தெரியும். உன்ற திண்ணையும் அவ்வளவுதான். செத்ததைச் செத்ததுன்னு அடிச்சுச் சொல்லும். வோல்ட் அசையலையா, மூலையில ஒட்டிக்கிச்சா, காத்தில்லாம 1.1 காட்டுதா, தூக்கிப் போடு. அசைஞ்சுதுன்னா 'சாகலை'ன்னு மட்டும் எழுதிக்க. 'நல்லா இருக்குது'ன்னு எழுதிராதே. அழுக்குப் படலம் படிஞ்ச சென்சார் உன்ற ட்ரையர் காத்துக்கு ஜோரா ஆடும். அதே ஆளு பெருங்காத்து வர்றப்ப பத்துல ஒண்ணை முழுங்கிட்டு ஒம்போதுன்னு சொல்லும், சின்னக் காத்துல கொஞ்சம் கூட்டியும் சொல்லும். பெட்ரோல் வண்டின்னா, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சுச் சரிக்கட்டற ஃப்யூயல் ட்ரிம்முல அது மாட்டிக்கும். ஐடில்ல மைனஸ், வேகத்துல பிளஸ்னு எதிரும் புதிருமா நிக்கும். திண்ணையில ட்ரிம் ஏது? கனெக்டர்ல பச்சை பூத்துக் கெடந்தாலும், பானெட்டுக்குள்ள குடியிருக்கற எலி ஒயரைக் கடிச்சு வச்சிருந்தாலும், சென்சாரைக் கழட்டித் தூக்கிட்டு வந்ததுமே அந்தக் கோளாறெல்லாம் வண்டியிலயே தங்கிருச்சு. ஒயரெல்லாம் நீ புதுசாப் போட்டுக் குடுத்து, 'பாருங்கப்புச்சி, திண்ணையில நல்லா வேலை செய்யுது'ன்னா, செய்யாம?

சரி, எல்லாம் சொல்லிட்டுக் கடைசியாச் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. முதல்லயே சொல்லியிருந்தா நீ இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டே. உன்ற வண்டி கருப்பாப் புகை தள்ளுதுன்னு சொன்னியே. சென்சார் அழுக்காகிக் காத்தைக் குறைச்சுச் சொல்லுதுன்னு வச்சுக்க. கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? 'காத்து கம்மி, டீசலைப் பிடி'ன்னு கையை இறுக்கும். வண்டி இழுக்காது, சரி. ஆனா புகை எங்கிருந்து வரும்? டீசலைக் குறைச்சவன் ஊட்டுல எதுக்குப் புகை? மனசுல வச்சுக்கன்னு சொன்னேனே, அது இதுதான்.

இழுக்கவும் மாட்டேங்குது, கருப்பாவும் தள்ளுதுன்னா வேற ரெண்டு பேரைப் பிடிக்கணும். ஒருத்தன் ஈஜிஆர் வால்வு. திறந்தபடியே மாட்டிக்கிட்டா நல்ல காத்துக்குப் பதிலாப் புகையையே எஞ்சின் குடிக்கும். இன்னொருத்தன் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ஹோஸு. சென்சார் ஒழுங்கா எண்ணி உள்ள விட்ட காத்து, டர்போவுல அழுந்தினப்புறம் ஹோஸ் வெடிப்புல புஸ்ஸுன்னு வெளிய போயிரும். கம்ப்யூட்டர் போன காத்துக்கும் சேர்த்து டீசல் ஊத்தும். கரும்புகை வராம என்ன பண்ணும்?

ரெண்டு பேர்ல யாருன்னு சென்சாரே சொல்லும், திருப்பி மாட்டினா. ஸ்கேனர்ல ஓடற எண்ணைப் பாரு. உன்ற 1248 சிசி எஞ்சின் 800 சுத்துல நிமிசத்துக்கு 500 லிட்டர் உறிஞ்சற அளவு இருக்குது. ரெண்டு சுத்துக்கு ஒருக்காத்தானே ஒரு சிலிண்டர் நெறையும். விநாடிக்கு 8.3 லிட்டர், நம்மூர்க் காத்துக்கு 9 கிராம் சொச்சம். சில ஸ்கேனர் ஸ்ட்ரோக்குக்கு மில்லிகிராம்னு காட்டும். ஒரு சிலிண்டருக்கு 312 சிசி, 340 மில்லிகிராம் பக்கம். சிலிண்டர் முழுசா நெறையாதுங்கறதால இது உச்சக் கணக்கு, இதுக்குக் கொஞ்சம் கீழதான் வரும். ஈஜிஆர் திறந்திருந்தா இன்னும் எறங்கும். எஞ்சின் சுத்தை ஏத்திப் பிடி, ஈஜிஆர் மூடற வேகத்துலயும் எண்ணு ஏறாமப் பாதியிலயே படுத்துக் கெடந்தா வால்வைக் கழட்டிக் கரியைச் சொரண்டு. எண்ணு நெறைய ஏறி, புகையும் சேர்ந்தே ஏறுச்சுன்னா ஹோஸு. இன்டர்கூலர்ல இருந்து வர்ற ஹோஸை, கிளிப்புக்கு அடிப்பக்கம், கை விட்டுத் தடவிப் பாரு. மேல இருந்து பார்த்தாப் புதுசாட்டத்தான் இருக்கும். டர்போ வழியா வர்ற எண்ணெய்ப் பிசுக்கு வெடிப்புல கசிஞ்சு, அந்த இடத்துல மட்டும் மண்ணு அப்பி ஈரமாக் கருத்துக் கெடக்கும். விரல் கருப்பா வந்துச்சுன்னா சோலி முடிஞ்சுது.

மாட்டறப்ப சென்சாரோட ஓ-ரிங்கை எங்க வச்சேன்னு தேடு. அது இல்லாம மாட்டினா, சென்சார் பக்கத்துலயே எண்ணாத காத்து உள்ள போகும், இன்னொரு 0101 வரும், நீ இன்னொருக்காக் கழட்டுவே. தலை போன ஸ்க்ரூவுக்குப் பதில் புதுசு வாங்கிக்க. ஸ்கேனர்ல அந்த 0101ஐ அழிச்சுட்டு, ஞாயித்துக்கெழம வெடியால வண்டியை எடு. சமதரையில ஓட்டினா ஒண்ணும் தெரியாது, பாரம் வேணும். ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு இருக்குது. மூணாவது கியர்ல மிதிச்சுக்கிட்டே போகணும், அப்ப ஸ்கேனர்ல எண்ணு எங்கே போய் நிக்குதுன்னு ஒருத்தர் படிச்சுச் சொல்லணும். ரோட்டைப் பார்க்கற நீ படிக்கக் கூடாது. அதுக்கு அனுபவம் உள்ள ஆளு ஒருத்தர் பக்கத்து சீட்டுல வேணும். நானே வர்றேன்னு வை. உங்கமுச்சியும் வால்பாறை பார்த்து நாளாச்சுங்கறா, அவளும் பின்னாடி உட்காரட்டும், பாரத்துக்குப் பாரமாச்சு. டிபன் வாங்கிக் குடுத்துரு. அட்டகட்டியில நிறுத்தறப்ப எஞ்சினை உடனே அணைச்சுராதே, டர்போ ஆறட்டும். அதுக்குள்ள நான் போய் மூணு டீ சொல்லிடறேன், காசை நீ குடு.